இரண்டாவது பெடல்

கடலில் மிதக்கும் அப்பாவுக்கு, கடனில் மிதக்கும் உங்கள் மகள் எழுதுவது. ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனால் உங்கள் பக்கம் காற்றாவது வரும்.

நாங்கள் இருவரும் நலம். நான் கொஞ்சம் கூடுதல் நலம், அம்மா கொஞ்சம் குறைவு. சராசரி எடுத்தால் நலம்தான்.

உங்கள் கப்பலில் புதிதாகச் சேரப்போகும் சமையல்கார மாமா கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். நம் தெருமுனை வீட்டுக்காரர்தான். கடிதத்தோடு ஒரு சின்னப் பொட்டலமும் தருவார். அதை இப்போது பிரிக்க வேண்டாம், கடிதத்தைக் கடைசிவரை படித்துவிட்டுப் பிரியுங்கள். இந்நேரம் பிரித்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். பரவாயில்லை, பழையபடி மடித்து வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்பீர்கள். என் போன் பரீட்சை முடியும்வரை அம்மாவின் பீரோவில் சிறையில் இருக்கிறது. அம்மாவின் போனோ எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசும். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிட்டால் அதை மேசை நடுவில் வைத்துவிட்டு, "பேசுடி, அப்பாகிட்ட என்ன பேசணுமோ பேசு" என்று எதிரில் உட்கார்ந்துகொள்வாள். அப்படி உட்கார்ந்தால் எனக்கு மழை வெயில் தவிர வேறு எதுவும் பேச வராது. உங்களுக்கும் வராது. இரண்டு வருஷமாக நாம் இருவரும் வானிலை அறிக்கைதான் வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா உங்களிடம், "அவசரப்படாதீங்க, இன்னொரு ஒப்பந்தமும் முடிச்சுட்டே வாங்க, இங்க என்ன குறைச்சல், கார் ஜம்முனு ஓடுது" என்றாளே, அதில் ஒரு வார்த்தைகூட உண்மை இல்லை. கார் ஓடவில்லை, நிற்கிறது. நிற்கிறது என்றுகூடச் சொல்ல முடியாது, தொங்குகிறது. சேவை மையத்தில் இரும்புக் கைகள் அதை ஆள் உயரத்துக்குத் தூக்கி வைத்திருக்கின்றன. அடியில் இருந்த உறுப்புகளெல்லாம் கழன்று ஒரு தட்டில் கிடக்கின்றன.

அம்மா அப்படிச் சொன்னதும் உங்கள் பக்கத்து இயந்திரச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "சரி, யோசிக்கிறேன்" என்றீர்கள். நீங்கள் யோசிக்கிறேன் என்றால் செய்யப் போகிறீர்கள் என்று அர்த்தம். அடுத்த துறைமுகத்தில் கேப்டன் காகிதத்தை நீட்டுவார், நீங்கள் கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள். போட்டால் இன்னும் இரண்டு வருஷம். அதற்கு முன்னால் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். போடாதீர்கள், அப்பா. சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் ஏன் என்பதற்கு. ஏன் என்று தெரியாமல் நீங்கள் ஒரு ஆணியைக்கூட அடிக்க மாட்டீர்களே, அதனால் எழுதுகிறேன்.

போன தடவை விடுமுறையில் வந்தபோது நீங்களும் அம்மாவும் சேர்ந்து போட்ட திட்டம் ஞாபகம் இருக்கும். கடனில் புது கார். அம்மா பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுத்தருவாள். பள்ளி நிமிர்ந்ததும் நீங்கள் கப்பலைவிட்டு இறங்கி இங்கேயே ஏதாவது பார்த்துக்கொள்வீர்கள். பெயர்ப்பலகைக்கு நீங்களே வண்ணம் அடித்தீர்கள். 'பெண்களுக்குப் பெண் கற்றுத்தரும் கார் பயிற்சி'. 'இடித்தால் பொறுப்பல்ல' என்று கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னேன், கேட்கவில்லை.

பள்ளி நிமிர்ந்துதான் இருந்தது. காலையில் நாலு பேர், மாலையில் நாலு பேர். அதில் ஒருவர் பல் டாக்டர். ஊரையே வாயைத் திறக்கச் சொல்பவர் ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் தானே வாயைத் திறந்துவிடுவார். எதிரில் சைக்கிள் வந்தால் "ஐயோ". வராவிட்டாலும் "ஐயோ, ஒண்ணும் வரலையே". அவருக்கு ஐயோ அக்கா என்று பெயர் வைத்திருக்கிறேன். அவருக்கும் தெரியும்.

கார் படுத்த அன்று ஓட்டியது ஐயோ அக்காதான். பக்கத்தில் அம்மா, பின்சீட்டில் நான். விடுமுறை நாளில் என்னை வீட்டில் தனியாக விட அம்மாவுக்குத் தைரியம் கிடையாது. (மின்சார மீட்டர் பார்க்க வந்தவருக்கு உப்புப் போட்டு டீ கொடுத்த பிறகு இந்த ஏற்பாடு.) மேம்பாலத்தின் ஏற்றத்தில் பாதி தூரம் போனதும் முடி கருகுகிற மாதிரி ஒரு நாற்றம். அக்கா ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார், இன்ஜின் ஊரைக் கூட்டுகிறது, கார் மட்டும் நகரவில்லை. எங்கள் தலைமை ஆசிரியர் மாதிரி, சத்தம் முழுக்க உண்டு, வேலை நடக்காது. அப்புறம் மெதுவாகப் பின்னால் உருள ஆரம்பித்தது. அம்மா தன் பக்கத்தில் தனியாகப் பொருத்தியிருக்கும் பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டாள். பின்னால் ஒரு லாரி. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "என்னம்மா, பாலத்துலயே வீடு கட்டப் போறீங்களா?" என்று கேட்டார். ஐயோ அக்கா அன்றைக்கு ஐயோ சொல்லவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது, சத்தம் வரவில்லை.

கிளட்ச் போய்விட்டது. இயந்திர அறையில் வேலை செய்பவருக்குக் கிளட்ச் பாடம் எடுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கு இப்போதுதான் புரிந்தது. உள்ளே இரண்டு தகடுகள். அவை கைகோத்திருந்தால் வண்டி ஓடும், பெடலை மிதித்தால் கையை விட்டுவிடும். மேலே காலை லேசாக வைத்துக்கொண்டே இருந்தால் பிடித்த கையும் இல்லை, விட்ட கையும் இல்லை. ஒன்றோடொன்று உரசி உரசித் தேய்ந்து, ஒருநாள் பாலத்தின் நடுவில் முடிந்துபோகும்.

இழுவை வண்டியில் கட்டிச் சேவை மையத்துக்குக் கொண்டுபோனோம். அந்தப் பெயரை வைத்தவர் என்னைவிடக் குறும்புக்காரர். அங்கே சேவையும் இல்லை, ஊருக்கு வெளியே கடைசியில் இருப்பதால் மையமும் இல்லை. கண்ணாடிச் சுவர், குளிரூட்டி, சத்தம் இல்லாமல் ஓடும் டிவி, இலவசக் காபி. ஆலோசகர் என்று கழுத்தில் டை கட்டிய ஒருவர். சின்ன வயதுதான், டைதான் வயதானது. டை அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கார் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, வாரண்டி இருக்கிறது, இலவசமாக மாற்றித் தருவார்கள் என்று அம்மா நிம்மதியாகத்தான் போனாள். வாரண்டி அட்டையில் 'உத்தரவாதம்' என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறார்கள். அதற்கு அர்த்தம் எனக்கு அங்கேதான் தெரிந்தது. அவர்கள் உத்தரவு போடுவார்கள், நாம் வாதம் செய்ய வேண்டும். இரண்டும் சேர்ந்தால் உத்தரவாதம்.

நாங்கள் எப்படி மாட்டினோம் என்று கேளுங்கள். வாரண்டியில் வருமா வராதா என்று சொல்ல வேண்டுமானால் பிரித்துப் பார்க்க வேண்டும். வராது என்றால் பிரித்த கூலி நம்முடையது. அதற்கு ஒப்புக்கொண்டு அம்மா ஒரு கையெழுத்துப் போட்டாள். பிரித்தார்கள். வராது என்றார்கள். "கிளட்ச் தகடு தேய்மானப் பொருள் மேடம்" என்றார் டை அண்ணன். தேய்ந்தது தகடு, போனது மானம். "சரி, இவ்வளவு சீக்கிரம் தேயுமா?" என்று அம்மா கேட்டால், அடுத்து ஒன்று வைத்திருந்தார். பயிற்சிக்காக அம்மா பக்கத்தில் போட்டிருக்கிறோமே இரண்டாவது பெடல்கள், அது வண்டியில் செய்த மாறுதலாம். மாறுதல் செய்த வண்டிக்கு வாரண்டியே இல்லையாம்.

அந்தப் பெடல்கள் இல்லாமல் பயிற்சிப் பள்ளி நடத்த அனுமதி தர மாட்டார்கள். அந்தப் பெடல்கள் இருந்தால் வாரண்டி தர மாட்டார்கள். பெடல் பொருத்தும் கடைக்கு வழி சொன்னதே இவர்களுடைய விற்பனைக் கவுண்ட்டர்தான். அம்மா அதையும் கேட்டாள். "அது விற்பனைப் பிரிவு மேடம், இது சர்வீஸ்" என்றார் டை அண்ணன். இரண்டு பிரிவுக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கதவுதான் இருக்கிறது. அதைத் தள்ளித் திறக்கலாம், நானே திறந்து பார்த்தேன்.

வேறு கடைக்குக் கொண்டுபோகிறோம் என்றால், பிரித்ததை மூட ஒரு கூலி, இழுத்துப் போக ஒரு கூலி. அங்கேயே விட்டுவைத்தால் நிறுத்தி வைத்ததற்கு வாடகை. எடுத்தாலும் பணம், விட்டாலும் பணம், சும்மா நின்றாலும் பணம். அம்மா நேராகப் போய்க் காத்திருப்புக் கூடத்து சோபாவில் உட்கார்ந்தாள். "இது உங்க பாகம் மோசம். நீங்களா ஒத்துக்கிற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

மறுநாளும் போனாள். அதற்கு அடுத்த நாளும். மாணவிகள் போன் போட்டு வகுப்பு உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்று எல்லோரையும் அங்கேயே வரச் சொல்லிவிட்டாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை அப்பா, அந்தக் கண்ணாடிக் கூடத்தில் வகுப்பு நடந்தது. நாற்காலிகளை இரண்டிரண்டாகப் போட்டு, கையில் ஸ்டீயரிங்குக்குப் பதில் காகிதத் தட்டு, காலடியில் மூன்று டைல்ஸ் கற்கள்தான் மூன்று பெடல். "கிளட்சை மிதி. கியரைப் போடு. மெல்ல விடு, மெல்ல. இப்ப காலை எடு. எடுன்னா எடுத்துடணும், மேலயே வச்சுக்கக் கூடாது." ஐயோ அக்கா நாற்காலியையே இரண்டு தடவை ஆஃப் ஆக்கிவிட்டார்.

டை அண்ணன் ஓடி வந்தார். "மேடம், இது கஸ்டமர் உக்கார்ற இடம்."

"நான் கஸ்டமர் இல்லாம, காபி மிஷினா?"

"இல்ல மேடம், பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"என் காரைக் குடுங்க, போயிடறேன்."

"கார் நகராதே மேடம்."

"அப்ப நானும் நகர மாட்டேன், தம்பி."

என் பங்குக்கு நான், 'இது தேயும் பொருள். உத்தரவாதம் கிடையாது' என்று ஒரு சீட்டு எழுதி டை அண்ணன் முதுகில் ஒட்டிவிட்டேன். மதியம்வரை அப்படியே உலாவினார். கல்லாவில் இருந்த அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் மேசைக்குக் கீழே குனிந்துவிட்டார். அம்மாவும் சிரித்துவிட்டு அப்புறம் என் காதைத் திருகினாள். அந்தக் கூடத்தில் அவள் சிரித்தது அது ஒரு தடவைதான்.

கடைசியில் ஒருநாள் டை அண்ணன் அந்தத் தகட்டையே தட்டில் வைத்து எடுத்துவந்து காட்டினார். கருகி, ஓரமெல்லாம் நீலம் பாய்ந்து கிடந்தது. "பாருங்க மேடம், பாகத்துல குறை இல்லை. யாரோ கிளட்ச் மேல காலை வச்சுக்கிட்டே ஓட்டியிருக்காங்க. கத்துக்க வர்றவங்க அப்படித்தான் பண்ணுவாங்க."

அம்மாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. எழுந்து நின்றுவிட்டாள். "என்கிட்ட கத்துக்கிற ஒருத்தியும் அப்படி வைக்க மாட்டா. வைக்க விட மாட்டேன். ஒவ்வொரு நிமிஷமும் நான் பக்கத்துலயே இருக்கேன்." மாணவிகள் எல்லோரும் தலையாட்டினார்கள். ஐயோ அக்கா, "ஆமா, இவங்க விடவே மாட்டாங்க" என்று சாட்சி சொன்னார்.

சொல்லிவிட்டு அம்மா உட்கார்ந்தாள். நான் எதிர் சோபாவில், தலையைத் தொங்கப் போட்டிருந்தேன். அதனால் அவளுடைய கால் கண்ணில் பட்டது. இடது கால். பாடம் முடிந்துவிட்டது, கார் இல்லை, பெடல் இல்லை. ஆனாலும் அந்தக் கால் முன்னால் நீண்டு, குதிகால் தரையில் ஊன்றி, விரல்கள் ஒரு டைல்ஸ் கல்லை லேசாக அழுத்திக்கொண்டிருந்தன. அவளுக்கே தெரியாமல்.

எனக்கு வாத்து ஞாபகம் வந்தது.

நான் சின்ன வயதில் குளிக்கும்போது வைத்திருந்த ரப்பர் வாத்து, அமுக்கினால் பீ என்று கத்துமே, அதுதான். கார் படுப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அதன் வயிற்றிலிருந்து அந்தப் பீப்பீயை மட்டும் தோண்டி எடுத்து, அம்மா பக்கத்துக் கிளட்ச் பெடலின் ரப்பர் உறைக்கு அடியில் செருகிவிட்டேன். வகுப்பு முழுக்க அம்மா காலை வைக்கும்போதெல்லாம் பீ, பீ என்று கத்தும், ஐயோ அக்கா ஒவ்வொன்றுக்கும் ஒரு ஐயோ சொல்வார், பாட்டுக் கச்சேரி மாதிரி இருக்கும் என்று திட்டம். வண்டியைக் கிளப்பும்போது பீ என்று ஒரு சத்தம் வந்தது. "ஐயோ, பூனை மேல ஏத்திட்டேன்" என்று அக்கா அலறினார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வகுப்பு முடிகிறவரை ஒரு சத்தமும் இல்லை. கடைத்தெருவில் நின்று நின்று போனோம், சிக்னலில் நின்றோம், அந்த நீளச் சாலையில் சும்மா ஓடினோம். வாத்து வாயே திறக்கவில்லை. கெட்டுப்போய்விட்டது போல என்று நினைத்தேன். இறங்கியதும் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தேன். நன்றாகக் கத்தியது. அதைக் கேட்டு அம்மா திரும்பிப் பார்த்து, கண்டுபிடித்து, பிடுங்கி என் மேல் எறிந்தாள். அதோடு மறந்துவிட்டோம்.

காலை வைத்தால் கத்தும். எடுத்துவிட்டு மறுபடி வைத்தால் மறுபடி கத்தும். ஒரே ஒரு தடவைதான் கத்தியது அப்பா.

பொறுங்கள், அம்மா வருகிறாள்.

போய்விட்டாள். கணக்குப் போடுகிறேன் என்றேன். தலையைத் தடவிவிட்டுப் பால் வைத்துவிட்டுப் போனாள். பொய் சொன்னதற்குப் பால் கிடைத்தால் நான் எப்படி உருப்படுவேன்?

எங்கே விட்டேன்? அந்தக் காலில். அவள் ஏன் காலை வைத்தாள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நீங்களும் டை அண்ணன் மாதிரி பேசுவீர்கள். பள்ளி ஆரம்பித்த புதிதில் ஒரு மாணவி கிளட்சைச் சட்டென்று விட்டுவிட்டார். கார் தவளை மாதிரி எகிறிப் போய், பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிற்கும் நடைபாதையை உரசிக்கொண்டு நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு சாப்பாட்டுப் பை மட்டும் நசுங்கியது. அம்மா இறங்கி அந்தப் பையின் சொந்தக்காரப் பையனின் கை கால்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாளாம். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லும்போதும் என் கையைத் தொட்டுக்கொண்டேதான் சொன்னாள். அன்றிலிருந்து அந்தக் கால் எடுக்கப்படவில்லை. பெடல் மேல் மட்டுமா? நான் தூங்கிவிட்டேனா என்று பார்க்கிறாள், கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்க்கிறாள், போனை ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். நீங்கள் இல்லாத வீட்டில் எல்லாவற்றின் மேலும் அம்மா ஒரு காலை வைத்திருக்கிறாள். அவள் காலை எடுத்தால் எது எகிறுமோ, யாருக்குத் தெரியும்?

இது தெரிந்த பிறகு நானும் மாட்டிக்கொண்டேன். டை அண்ணனுக்குத் தெரிந்தால் அம்மா தோற்பாள். அம்மாவுக்குத் தெரிந்தால் இன்னும் மோசம். சொல்லாமல் இருந்தால் அவள் அங்கேயே உட்கார்ந்திருப்பாள், வாடகை ஏறிக்கொண்டே போகும். எந்தக் கதவைத் தள்ளினாலும் சுவர். எப்போதும் வாயை மூடச் சொல்வார்களே என்னை, அந்த வாரம் யாரும் சொல்லாமலே மூடிக்கொண்டு இருந்தேன். "என்னடி, காய்ச்சலா?" என்று அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

கடைசியில் அவளே கேட்டாள். சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தோலை வைத்து மீசை ஒட்டிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்க்காமலே, "ஏன்டி வாலு, அந்த வாத்து, அன்னிக்கு எத்தனை தடவை கத்துச்சு?" என்றாள்.

எதற்கெல்லாமோ பொய் சொல்லியிருக்கிறேன் அப்பா. நிறைய தடவை கத்தியது என்று ஒரு வார்த்தை, அதற்கு என்ன செலவு? வாய் வரவில்லை. மீசையை எடுத்துவிட்டு, "ஒரே தடவைதாம்மா" என்றேன்.

கத்தியைக் கீழே வைத்தாள். "அப்ப நான்தான்" என்றாள். பலகையைத் தள்ளிவைத்துவிட்டு, "வாய் வலிக்க வலிக்க அவளுங்களுக்குச் சொன்னேனேடி, காலை எடு, காலை எடுன்னு" என்றாள். அவள் நறுக்கிக்கொண்டிருந்தது உருளைக்கிழங்கு, வெங்காயம் இல்லை. இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "அப்பாகிட்ட மூச்சு விடக் கூடாது" என்றாள். மூச்சு விடவில்லை, எழுதத்தான் எழுதுகிறேன்.

மறுநாள் போய், நம் செலவிலேயே மாற்றுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். சண்டை இல்லை, வாதம் இல்லை. டை அண்ணன் பயந்துபோய் அவரே காபி பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். வாரண்டி இன்னும் காலாவதி ஆகவில்லை, இது உன் கால் அவதி என்று அம்மாவிடம் சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். "போதும்டி" என்றாள். நல்ல ஜோக்தான், நேரம் சரியில்லை.

புதுத் தகடு வந்துவிட்டது. பணம் கட்டினால்தான் மாட்டுவார்கள், மாட்டினால்தான் இறக்குவார்கள். தொகையை நான் எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் பேனாவைத் தேடுவீர்கள். அது தெரிந்துதான் அம்மாவும் ஞாயிற்றுக்கிழமை அப்படிப் பேசினாள். உங்களைப் பார்க்க ஆசை இல்லாமல் இல்லை. தன் கால் செய்த தப்புக்கு உங்கள் இரண்டு வருஷத்தை அபராதமாகக் கட்டப் பார்க்கிறாள். பேசி முடித்ததும் போனை அணைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். உங்கள் பக்கம் எப்போதோ வைத்துவிட்டீர்கள்.

இனி நான் சொல்லப் போவது ஒன்றுதான் கொஞ்சம் நல்ல செய்தி. மாணவிகள் கட்டிய பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று அம்மா எல்லோருக்கும் போன் போட்டாள். ஐயோ அக்கா மட்டும் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அவர் வீட்டில் ஒரு பழைய கார் உறை போட்டு நிற்கிறதாம், அதில் சொல்லிக்கொடுங்கள் என்றார். அம்மா முடியவே முடியாது என்றாள். அதில் இரண்டாவது பெடல் கிடையாது. அக்கா விடவில்லை. "நான் பல்லைப் பிடுங்கும்போது யாரு எனக்குப் பக்கத்துல ரெண்டாவது கொறடு வச்சுக்கிட்டு நிக்கறாங்க?" என்று கேட்டார்.

போனோம். நான் பின்சீட்டில். அக்கா கிளட்சை விட்டதும் கார் ஒரு குதி குதித்து அணைந்தது. அம்மாவின் இடது கால் வெறும் தரையில் இல்லாத பெடலைத் தேடித் தேடி மிதித்தது. மறுபடி கிளப்பினார்கள், மறுபடி குதித்தது. வாசல் கதவுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. ஐயோ. அம்மாவின் கை கதவுப் பிடிக்குப் போனது. இறங்கிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? செருப்பைக் கழற்றினாள். இடது காலைச் சீட்டின் மேல் மடக்கி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். உட்கார்ந்துகொண்டு, "ம், மெல்ல விடு" என்றாள்.

கார் போனது. தெருவைச் சுற்றிவந்தது. குப்பைத்தொட்டியை, ஒரு நாயை, ஒரு தள்ளுவண்டியைத் தாண்டிப் போனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை அப்பா. இறங்கும்போது அம்மா கால் மரத்துப்போய் நொண்டினாள். நொண்டிக்கொண்டே சிரித்தாள்.

அதைக் கேள்விப்பட்டு இன்னும் இரண்டு பேர் தங்கள் வீட்டுக் காரில் கற்றுத்தரக் கூப்பிட்டிருக்கிறார்கள். அம்மா பஸ்ஸில் போய் வருகிறாள். இதை வைத்து நம் காரை எப்போது இறக்குவாள் என்று எனக்குத் தெரியாது. இறக்க முடியாமலும் போகலாம். மாதாமாதம் கடன் ஓடும், கார் தொங்கும். நல்லபடியாக முடிந்துவிட்டது, வாருங்கள் என்று நான் கூப்பிடவில்லை. ஒன்றும் முடியவில்லை. முடியாத வீட்டுக்கு வாருங்கள் என்றுதான் கூப்பிடுகிறேன்.

நீங்கள் இன்னும் இரண்டு வருஷம் அனுப்பினால் கார் வரும். அம்மா இன்னும் இரண்டு வருஷம் எல்லாவற்றின் மேலும் காலை வைத்துக்கொண்டிருப்பாள். பாதி மிதித்த பெடல் என்ன ஆகும் என்று இயந்திர அறைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன தடவை நீங்கள் வந்தபோது நான் உங்கள் சட்டைப் பையின் உயரம். இப்போது எவ்வளவு என்று சொல்ல மாட்டேன். வந்து அளந்துகொள்ளுங்கள்.

இனிப் பொட்டலத்தைப் பிரிக்கலாம். அந்த வாத்துதான். பீப்பீயை மறுபடி வயிற்றில் வைத்து ஒட்டியிருக்கிறேன். தழும்பு தெரியும், கண்டுகொள்ளாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிடும்போது அம்மா எதிரில் உட்கார்ந்திருப்பாள். ஸ்பீக்கர் போட்டிருக்கும். கையெழுத்துப் போடவில்லை என்றால் அதை வாயால் சொல்ல வேண்டாம், வாதத்துக்கு வந்துவிடுவாள். வழக்கம்போல் மழை வெயில் பேசுங்கள். நடுவில் வாத்தை ஒரு தடவை அமுக்குங்கள். என்ன சத்தம் என்று அவள் கேட்டால், கப்பலில் எலி என்று சொல்லுங்கள். நம்ப மாட்டாள். அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அமுக்கிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள் அப்பா. எடுத்தால்தான் மறுபடி கத்தும்.

கடலும் காற்றும் உங்களைப் பத்திரமாகக் கரையில் இறக்கிவிடட்டும்.

மேசை நடுவில் இருக்கும் போனில் காதை வைத்துக் காத்திருக்கும்,
உங்கள் வாலு.